காலண்டர் தாளின் பின்பக்கம்

வாரப் பத்திரிகைக்குப் படம் போடுகிறவருக்கு ‘மூடு’ என்று ஒன்று கிடையாது. புதன்கிழமை மாலை கதை வரும். வெள்ளிக்கிழமை காலை படம் போய்ச் சேர வேண்டும். நடுவில் காய்ச்சல் வரலாம், சொந்தத்தில் கல்யாணம் வரலாம், கரண்ட் போகலாம். இதழ் முடிக்கும் நாள் மட்டும் தள்ளிப்போகாது. சில வாரங்களில் கதைகூட வராது. உதவி ஆசிரியர் போன் செய்து, “சார், ரைட்டர் இன்னும் எழுதிட்டிருக்கார். சிச்சுவேஷன் சொல்றேன், குறிச்சுக்குங்க. ரயில்வே ஸ்டேஷன், ராத்திரி நேரம், ஒரு வயசான அப்பா, அவரைக் கூட்டிட்டுப் போக வராத பையன்” என்பார். அவ்வளவுதான் தகவல். வராத பையனை எப்படி வரைவது என்பது ஓவியரின் தலைவலி.

சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தலைவலியோடு குடித்தனம் நடத்தும் ஓவியர் ஒருவரின் அன்றாடப் பழக்கங்கள்தான் இங்கே விஷயம். பெயர் போட வேண்டாம் என்பது அவர் விருப்பம். “பேர் போட்டா, கூட வேலை பார்த்தவங்க ‘இதெல்லாம் எங்களுக்கும் தெரியுமே’ன்னு சிரிப்பாங்க” என்கிறார். இருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கிறார். தினமும் செய்தால் கற்பனை வளரும் என்று எல்லோரும் சொல்வார்கள். தினமும் செய்வதாலேயே கற்பனை வற்றிப்போகும் என்பதைத் தொழிலில் கண்ணால் பார்த்தவர் இவர்.

ஒரு தொடர்கதை, இரண்டு சிறுகதை, நாலைந்து ஜோக் என்று வாராவாரம் போடத் தொடங்கும் எந்தக் கையும் சீக்கிரமே குறுக்குவழிகளைக் கண்டுபிடித்துவிடும். மூக்குக்கு ஒரே இழுப்பு. புருவத்துக்கு இரண்டு. கதாநாயகி திரும்பிப் பார்க்கிறாள் என்றால் முக்கால் முகம், தோளில் பின்னல். பணக்காரர் வீடு என்றால் வளைந்து ஏறும் மாடிப்படி. ஏழை வீடு என்றால் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரியும். போலீஸ்காரர் என்றால் மீசை. யோசிக்காமலே வந்து விழும். வேகம் கூடும், பணம் வரும், பெயரும் வரும். ஆசிரியருக்கும் அதில் வசதிதான், கையெழுத்தைப் பார்க்காமலே இன்னார் படம் என்று வாசகர் கண்டுகொள்கிறார் அல்லவா? ஆனால் சில வருடங்கள் கழித்து எல்லாக் கதாநாயகிகளும் ஒரே வயிற்றில் பிறந்த அக்கா தங்கைகளாகியிருப்பார்கள். சேலைக் கரை மட்டும் மாறும். இந்த நோய் தொடாத பத்திரிகை ஓவியர் அபூர்வம். இதைப் பாணி என்று சொல்லித் தப்பித்துக்கொள்பவர்கள் உண்டு. பாணிக்கும் தேய்ந்த தடத்துக்கும் உள்ள வித்தியாசம் வாசகருக்குத் தெரியாமல் போகலாம். போடுகிறவருக்குத் தெரிந்துவிடும் என்பது இவர் கருத்து.

ஆகவே இவர் பழக்கங்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார். கைக்கான பழக்கம் ஒன்று. கண்ணுக்கான பழக்கம் மற்றொன்று. முதலாவதைத் தொழிலே கற்றுக்கொடுத்துவிடும். இரண்டாவதை யாரும் கேட்க மாட்டார்கள், அதற்குக் காசும் தர மாட்டார்கள். அதைத்தான் வம்பாகப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கைப்பழக்கத்தின் பெருமையை அவர் குறைத்துச் சொல்லவில்லை. அவர் தொழிலுக்கு வந்த நேரம், அச்சுக்கோத்த காலம் போய் ஆஃப்செட் வேரூன்றிக்கொண்டிருந்தது. பழைய முறையை மூத்தவர்கள் வாய்வழியாகச் சொல்லக் கேட்டிருக்கிறார். அந்த நாளில் கோட்டுப் படத்தைப் புகைப்படமாக எடுத்துத் துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தில் அரித்து ‘பிளாக்’ செய்வார்கள். அந்தத் தகட்டுக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும். சாம்பல் நிறம் தெரியாது. நிழல் வேண்டுமென்றால் கோட்டின் மேல் கோடு குறுக்கே போட்டோ புள்ளி வைத்தோதான் காட்ட முடியும். படத்தை அச்சாகும் அளவைவிடப் பெரிதாக வரைந்து கொடுப்பார்கள். சுருக்கும்போது நெருக்கமான கோடுகளுக்கு நடுவில் மை அடைத்துக்கொண்டு எல்லாம் ஒரே திட்டாகிவிடும். எந்தக் கோட்டைப் போடக் கூடாது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கோபுலு, சில்பி, மணியம் தலைமுறையின் கோட்டில் தெரியும் அந்தச் சிக்கனத்தில் துத்தநாகத் தகட்டுக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்தத் தலைமுறை கையை மட்டும் நம்பி இருக்கவில்லை. அதுதான் இவர் அடிக்கடி எடுத்துச் சொல்லும் விஷயம். ஆனந்த விகடனில் மாலி கச்சேரி மேடைகளில் பாடகர்களை வரைந்தார். வாய் கோணுவது, கை தாளத்தில் எழும்புவது எல்லாம் எதிரே உட்கார்ந்து பார்த்த ஒருவருக்கே கிடைக்கும். அந்த மாலியிடம் தொழில் பழகியவர்கள்தான் கோபுலுவும் சில்பியும். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகச் சில்பி ஊர் ஊராகப் போய், கோயில்களுக்குள் சிலைகளின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தார். புகைப்படம் பார்த்து வீட்டில் வரைந்திருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். பின்னாளில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குப் படம் போட்ட ஆதிமூலத்தின் மனிதர்களையும் இவர் காட்டுவார். அந்தக் கிராமத்து உடம்புகள் எந்த ஓவியப் பாடப் புத்தகத்திலிருந்தும் வந்தவை அல்ல.

இவர் படித்தது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியின் இன்றைய உருவம் அது. பெரியமேட்டில் இருக்கிறது, ஒரு பக்கம் நடந்தால் சென்ட்ரல், இன்னொரு பக்கம் எழும்பூர். இரண்டு ரயில் நிலையங்களுக்கு நடுவில் ஓவியக் கல்லூரி இருப்பதைவிட நல்ல ஏற்பாடு வேறு என்ன வேண்டும்? ஊருக்கு வந்தவர்களும் ஊரைவிட்டுப் போகிறவர்களும் பெட்டி மேல் உட்கார்ந்து கட்டணம் கேட்காமல் மாடலாக இருப்பார்கள். மாணவப் பருவத்தில் பிடித்த அந்தப் பழக்கம்தான் இன்று வரைக்கும் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டாகத் தொடர்கிறது.

அந்த நோட்டுக்குச் சில விதிகள் உண்டு. பேனாவால் மட்டுமே வரைய வேண்டும். அழகாக இருப்பதை வரையக் கூடாது. யாருக்கும் காட்டக் கூடாது. பக்கத்தைக் கிழிக்கவும் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ‘இதை எனக்கு மனசிலிருந்து போடத் தெரியும்’ என்று நினைக்கும் பொருளாகப் பார்த்து வரைய வேண்டும் என்பது.

கடைசி விதி விசித்திரமாகத் தோன்றும். அதற்கு அவர் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. ஒரு சைக்கிளை மனசிலிருந்து வரையச் சொல்லுவார். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். இரண்டு சக்கரம் வரும், ஹேண்டில்பார் வரும், சீட் வரும். அதன்பின் பேனா நிற்கும். பெடல் எங்கே இருக்கிறது? செயின் எந்தச் சக்கரத்துக்குப் போகிறது? முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் நேராக ஒரு கம்பியால் இணைத்துவிடுவார்கள் சிலர். அந்த வண்டி திரும்பவே திரும்பாது. லிவர்பூல் பல்கலைக்கழக உளவியலாளர் ரெபெக்கா லாசன் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். தினமும் பார்க்கும் சைக்கிளின் அடிப்படை அமைப்பையே பலர் தவறாக வரைந்தார்கள், தவறான படத்தைச் சரி என்று தேர்ந்தெடுத்தார்கள். பார்த்துப் பழகிய பொருள் தெரிந்த பொருள் ஆகிவிடாது. கதையில் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார் என்று எழுத்தாளர் ஒரே வரியில் தப்பித்துவிடலாம். படம் போடுகிறவர் தப்பிக்க முடியாது.

அவர் நோட்டுகளைப் புரட்டினால் பெரும்பாலும் துண்டு துண்டான விஷயங்கள்தான். பஸ் கண்டக்டர் ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருக்கும் விதம். பேருந்து நிலையத்தில் தூங்குகிறவர் பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருப்பது. அரசு மருத்துவமனை வாசலில் எக்ஸ்ரே கவரை மடிந்துவிடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கும் ஒரு பெண். இஸ்திரி போடுகிறவர் கரியை ஊதும்போது தலையைத் திருப்பிக்கொள்ளும் கோணம். பூக்காரம்மா நாரை எந்த விரலில் சுற்றுகிறார். பக்கத்தில் ஒன்றிரண்டு வார்த்தை: ‘வலது தோள் தாழ்ந்து’, ‘செருப்பு தலைக்கு அடியில்’.

வராத பையனுக்கு விடை கிடைத்ததும் இப்படி ஒரு பக்கத்திலிருந்துதான். எழும்பூர் நிலைய பெஞ்சில் யாரோ துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்ததை எப்போதோ வரைந்து வைத்திருந்தார். கதைப் படத்தில் அந்தப் பெரியவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அவருடைய துண்டு விரித்துக் கிடக்கிறது, பிளாட்பாரம் காலி. கூட்டமே இல்லாத பிளாட்பாரத்தில் யாருக்காக இடம் பிடித்திருக்கிறார் என்று வாசகர் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இதைக் கற்பனை என்று பாராட்டினார்கள். “கற்பனை எங்க சார் இருக்கு, பார்த்ததுதானே” என்பது அவர் பதில். அடக்கத்துக்காகச் சொல்வதாகத் தெரியவில்லை. ஒரு இடத்தில் பார்த்ததை வேறொரு இடத்தில் கொண்டுபோய் வைப்பதற்குத்தான் கற்பனை என்று பெயர் என்றால், வைப்பதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டும்.

நோட்டு வெளியே போகும்போது மட்டும்தான். வீட்டில் இருக்கும் நாட்களுக்கு அவரிடம் வேறொரு ஏற்பாடு உண்டு. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர். காலையில் எழுந்து நேற்றைய தாளைக் கிழிக்கிறார் அல்லவா, அதன் பின்பக்கத்தில் ஒரு படம். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். செய்தித்தாளைப் பிரிப்பதற்கு முன், போனை எடுப்பதற்கு முன். எதை வரைவது என்று யோசிக்கக் கூடாது. எதிரில் இருப்பது எதுவோ அது. கேஸ் அடுப்பின் குமிழ், காய்ந்துகொண்டிருக்கும் லுங்கி, ஜன்னல் கம்பியில் காகம்.

ஐவரி போர்டை எடுத்து வைத்தால் கை பயப்படும். விலை கொடுத்து வாங்கியது, வீணாகக் கூடாது என்ற எண்ணம் வந்துவிடும். கிழித்துக் குப்பையில் போட வேண்டிய தாளில் அந்தப் பயம் இல்லை. உள்ளங்கை அகலத் தாள் என்பதால் நேரமும் பிடிக்காது. தேதி முன்பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது, தனியாகக் குறிக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ராகு காலம் எப்போது என்பது உபரித் தகவல். முக்கியமான வசதி வேறு: காலண்டர் தாள் கிழிப்பது எப்படியும் நடக்கிற காரியம். புதிய பழக்கத்தை அதன் முதுகில் ஏற்றிவிட்டால் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டிய வேலை மிச்சம்.

இதை அவர் எந்தப் புத்தகத்தையும் படித்துச் செய்யவில்லை. ஆனால் ஆய்வாளர்களும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு சின்ன காரியத்தைத் தேர்ந்தெடுத்து, காலைச் சாப்பாட்டுக்குப் பின் என்பது போல அன்றாடம் நிகழும் ஒன்றோடு அதைச் சேர்த்துச் செய்து வந்தார்கள். அது யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலம் நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ‘21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்’ என்று மேடையில் முழங்குகிறார்களே, அதன் வேர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய புத்தகம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்ததை எழுதப்போக, ‘குறைந்தது’ என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. 22ஆம் நாள் விட்டுவிட்டு, ‘எனக்கு ராசியில்லை’ என்று நோட்டை மூடி வைக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கின் மேல் எரிச்சல் வரத்தான் செய்கிறது.

காலண்டர் தாளுக்கு முன்னோடி ஜப்பானில் இருக்கிறார். ஹொகுசாய் (1760–1849) என்ற பெயர் தெரியாதவர்களுக்கும் அவருடைய பெரிய அலைப் படம் தெரிந்திருக்கும். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1842, 1843 ஆண்டுகளில், காலைதோறும் ஒரு சிங்கத்தை வரைந்து வந்தார். தீட்டு கழியவும் ஆயுள் நீளவும் செய்துகொண்ட நேர்த்திக்கடன் மாதிரி அது. ஆடுகிற சிங்கம், சோம்பல் முறிக்கும் சிங்கம், மனிதனைப் போல நிற்கும் சிங்கம் என்று இருநூறுக்கும் மேற்பட்டவை தப்பிப் பிழைத்திருக்கின்றன. விஷயம் மாறாததால் ஒவ்வொரு நாளும் வேறு ஏதாவது மாற வேண்டியிருந்தது. நம் ஊரில் ஆர்.கே. லக்ஷ்மணுக்குக் காகம். சிறு வயதிலிருந்து கடைசி வரை வரைந்தார். மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளி, திறமை போதாது என்று அவருக்கு இடம் தர மறுத்த கதை பலருக்கும் தெரியும். காகங்கள் அப்படி மறுக்கவில்லை.

ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைந்தால் அதுவும் கைப்பழக்கம் ஆகிவிடாதா? ஆகும். அதனால்தான் கையைக் குழப்பிவிடும் சில உபாயங்களையும் இவர் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்று, தாளைப் பார்க்காமலே வரைவது. நியூயார்க்கில் ஓவிய ஆசிரியராக இருந்த கிமோன் நிகோலாய்டிஸின் பாடமுறை அது. அவர் 1938இல் இறந்த பிறகு, 1941இல் புத்தகமாக வந்தது. கண் பொருளின் விளிம்பில் எறும்பு போல ஊர வேண்டும். பேனா அதே வேகத்தில் தாளில் ஊரும். குனிந்து பார்க்கக் கூடாது. வந்து சேரும் படம் கோணல்மாணலாக இருக்கும், காது கன்னத்துக்கு வந்திருக்கும். ஆனால் அந்தக் காது ஒரு குறிப்பிட்ட மனிதரின் காதாக இருக்கும். இன்னொன்று, புகைப்படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைவது. 1979இல் வந்த பெட்டி எட்வர்ட்ஸின் புத்தகம் இதைப் பிரபலமாக்கியது. தலைகீழாக இருக்கும்போது ‘இது மூக்கு’ என்று மூளை பெயர் சொல்லி முந்திக்கொள்ளாது. கோடு கோடாகவே தெரியும். தாளைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்பக்கமாகப் பார்த்தால் கோணல் பளிச்சென்று தெரியும் என்பது பழைய பத்திரிகை ஓவியர்கள் பலரும் கையாண்ட உத்தி.

இடது கையால் வரைவதும் உண்டு. இதைச் சொல்லும்போது கோபுலுவின் பெயரை எடுக்காமல் அவரால் இருக்க முடிவதில்லை. முதுமையில் பக்கவாதம் வலது கையை முடக்கியபோது, ‘தில்லானா மோகனாம்பாள்’ பாத்திரங்களுக்கு முகம் கொடுத்த அந்த மனிதர் இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். 1909இல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் போகும் வழியில் காந்தி ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதியபோதும், வலது கை ஓய்ந்த இடத்தில் இடது கை எழுதியது. தேவை வந்த பிறகு பழகியவர்கள் அவர்கள். இவர் தேவை வரும் முன்பே ஜோக்குகளுக்கான ‘ரஃப்’பை இடது கையால் போட்டுப் பார்க்கிறார். கோடு நடுங்கும். அந்த நடுக்கத்தில் சில முகங்கள் வலது கைக்குத் தோன்றாத விதத்தில் வந்து விழும். அவற்றை வலது கையால் பிரதி எடுத்துக்கொள்வார். எல்லா நாளும் பலிப்பதில்லை. ஜோக்குக்கு மட்டும்தான் சரிவருகிறது. சரித்திரத் தொடருக்கு இடது கை ஆகாது.

கதை கைக்கு வந்தவுடன் அவர் பேனாவைத் தொட மாட்டார். இதுவும் ஒரு பழக்கம்தான். இரவு படிப்பார், எந்தக் காட்சியைப் போடலாம் என்று ஓரத்தில் கோடிட மாட்டார், படுத்துவிடுவார். மறுநாள் காலை திருவல்லிக்கேணிச் சந்துகளில் ஒரு நடை. திரும்பி வரும்போது எந்தக் காட்சி என்பது பெரும்பாலும் முடிவாகியிருக்கும். ஊறப்போட்டால்தான் யோசனை வரும் என்பதை கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1926இலேயே எழுதி வைத்தார். நடைக்கும் ஆதாரம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மெரிலி ஒப்பெஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாதாரணப் பொருளை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது, உட்கார்ந்திருந்தவர்களைவிட நடந்தவர்களுக்குப் புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடுதலாக வந்தன. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும் பலன் இருந்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளுக்கு நடை உதவவில்லை. இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை. இவர் அனுபவத்தோடு அது அச்சாகப் பொருந்துகிறது: எதை வரைவது என்று நடக்கும்போது தெரியும், நாற்காலியின் நான்கு கால்களும் தரையில் ஒழுங்காக நிற்கும்படி வரைவதற்கு உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

உட்காரும் நேரம் விஷயத்தில் அவருடைய ஆதர்சம் ஓர் ஓவியர் இல்லை, ஒரு தபால் துறை அதிகாரி. ஆன்டனி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் வேலைக்குப் போவதற்கு முன், காலை ஐந்தரை மணிக்கெல்லாம் மேசையில் இருப்பார். அந்நேரத்தில் காபியோடு எழுப்பிவிடுவதற்காக ஒரு வயதான வேலைக்காரருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண்டு தனியாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்று மூன்று மணி நேரம். மூன்று மணி முடிவதற்குள் நாவல் முடிந்துவிட்டால், புதுத் தாள் எடுத்து அடுத்த நாவலைத் தொடங்கிவிடுவார். இப்படியே 47 நாவல்கள். பிரிட்டிஷ் மண்ணில் தெருவோரத் தபால் பெட்டி வரக் காரணமானவரும் இவரே. அவர் இறந்த பிறகு 1883இல் சுயசரிதை வெளிவந்து இந்தக் கணக்கெல்லாம் அம்பலமானதும், விமர்சகர்களுக்கு அவர் மேல் இருந்த மதிப்பு சரிந்தது. செருப்புத் தைக்கிறவர் மாதிரி நாவல் எழுதுவதா என்று முகம் சுளித்தார்கள். நம் ஓவியருக்கு இந்த இடம்தான் பிடிக்கும். செருப்புத் தைக்கிறவரும் காலைப் பார்த்துத்தானே தைக்கிறார் என்பார்.

இன்றைக்குத் தொழில் வேறு மாதிரி ஆகிவிட்டது. கதை வெளியிடும் இதழ்கள் குறைந்துவிட்டன. இருப்பவையும் கதைக்குப் படம் என்பதைச் செலவுக் கணக்கில் பார்க்கின்றன. இளைய ஓவியர்கள் டேப்லெட்டில் வரைகிறார்கள். அதில் அவருக்குப் பகை இல்லை. அவரிடமே ஒன்று இருக்கிறது. கலர் போட, அளவு மாற்ற அதைவிட வசதி கிடையாது. ‘அண்டூ’ பட்டன் மேல் மட்டும் ஒரு புகார். தப்பான கோட்டை ஒரு தட்டில் அழித்துவிட முடியும் என்றால், கோடு போடுவதற்கு முன் யாரும் நிதானித்துப் பார்க்க மாட்டார்கள். இந்தியன் இங்க்கில் விழுந்த கோடு அங்கேயே கிடக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், சட்டை மடிப்பாக்க வேண்டும், நிழலாக்க வேண்டும். அப்படிச் சமாளித்ததில் கிடைத்த நல்ல விஷயங்கள் பல என்கிறார். ஆகவே தன்னிடம் படிக்க வருகிறவர்களுக்கு அவர் வைக்கும் நிபந்தனை, திரையில் எதை வேண்டுமானாலும் செய்யலாம், சட்டைப் பை நோட்டு மட்டும் பேனாவில்தான் இருக்க வேண்டும் என்பது. போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் வரைகிறேன் என்பவர்களுக்கும் அனுமதி இல்லை. போட்டோ எடுத்த நிமிஷத்தோடு பார்ப்பது நின்றுவிடுகிறது என்பது அவர் வாதம். இதை முழுக்க ஏற்க முடியவில்லை. போட்டோவைப் பார்த்து அருமையாக வரைகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவரிடம் வாதாடி ஜெயித்தவர் இல்லை.

கைவிட்ட பழக்கங்களும் உண்டு. பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டி, ‘மாட்டு வண்டி’, ‘தொப்பி’, ‘மழை’ என்று தலைப்பிட்டு உறைகளில் சேர்த்து வைத்த காலம் போய்விட்டது. கறையான் தின்றது போக மீதியை எடைக்குப் போட்டார். வருத்தமில்லை. தேடினால் நொடியில் மாட்டு வண்டி கிடைக்கிறது, அதுவும் வேண்டிய கோணத்தில். காலை எழுந்ததும் மனதில் ஓடுவதை மூன்று பக்கம் எழுது என்கிற ஜூலியா கேமரூனின் பழக்கத்தையும், 1992இல் வந்த அந்தப் புத்தகத்தை மகள் வாங்கிக் கொடுத்ததால், கொஞ்ச காலம் செய்து பார்த்தார். புலம்பல்தான் வந்தது, எழுதுகிறவர்களுக்குச் சரிவரும்போல. இரவு கண்விழித்து வரைவது ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது. கண் மங்கத் தொடங்கியதும் அதற்கும் முற்றுப்புள்ளி.

விடுமுறை நாட்களில் மாடியில் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறார். அங்கே வரும் பெற்றோர்களிடம்தான் அவருக்குக் கொஞ்சம் சண்டை. கலரிங் புத்தகத்தோடு வருவார்கள்; கோட்டுக்கு வெளியே போகாமல் பிள்ளை வண்ணம் தீட்டுகிறது என்று பெருமையாகக் காட்டுவார்கள். யாரோ ஒருவர் பார்த்து வரைந்த யானைக்கு இந்தப் பிள்ளை ஏன் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். அவர்களுக்கும், இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கும் அவர் வைக்கும் வேண்டுகோள் சின்னதுதான். பிள்ளைக்கு வெள்ளைத் தாளும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் கொடுங்கள், அழிரப்பர் வேண்டாம். வரைந்து கொண்டுவந்து காட்டும்போது ‘இது என்ன?’ என்று கேட்காதீர்கள், ‘இதை எங்கே பார்த்தே?’ என்று கேளுங்கள். யானைக்கு ஐந்து கால் இருந்தால் திருத்த வேண்டாம். அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது, யானை நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் கூடவே நில்லுங்கள்.